அடுப்பெரியாத நாட்கள்

கருக்கல்மட்டத்துத் தைல லைனில் புகைபோக்கிகள் தாங்கள் வாங்கிக்கொண்ட புகையைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது ஒரு மாசி மாதக் காலையில். அன்றைக்கு ரேஷன் கடைக்குச் சர்க்கரை வந்திருந்ததால் லைன் சனம் அதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தது. பூரணமும் பையும் கையுமாக வரிசையில் நின்று முடித்து வந்துதான் பார்த்தாள். சுவரில் அவள் திணித்து வைத்திருந்த சாக்கு கீழே விழுந்து கிடந்தது, பொந்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது, புகையில் கஞ்சி வாசம் அடித்தது. அவள் சாக்கை எடுத்து உதறி மடித்து வைத்தாள், சர்க்கரையை டப்பாவில் கொட்டினாள், பிறகு கண் எரிந்ததால் கதவைத் திறந்துவிட்டாள்.

லைன் என்றால் ஒரே நீளக் கூரைக்குக் கீழே வரிசையாய் வீடுகள். வெள்ளைக்காரத் துரை ஒருவன் யூகலிப்டஸ் இலையில் தைலம் காய்ச்ச ஆலை வைத்தபோது ஆலைச் சனத்துக்காகக் கட்டிக் கொடுத்தது. மலைக்குளிருக்கு வீட்டுக்கொரு இரும்படுப்பு, அடுப்பின் முதுகிலிருந்து கிளம்பும் தகரக் குழாய், குழாய் போய்ச் சொருகிக்கொள்ளச் சுவரில் வட்டமாய் ஒரு பொந்து, பொந்துக்குப் பின்னால் செங்கல்லில் கட்டிய புகைபோக்கி. துரை போனான், ஆலை கை மாறிக் கை மாறி ஓடியது, பிறகு கேஸ் அடுப்பு வந்த வருஷத்தில் இரும்படுப்பெல்லாம் பழைய இரும்புக்காரன் லாரியில் ஏறிப் போயின. அடுப்பு போயிற்று, குழாய் போயிற்று, பொந்து மட்டும் போக்கிடம் இல்லாமல் சுவரிலேயே நின்றது. குளிர்காற்று வருகிறது, எலி வருகிறது என்று ஆளாளுக்குக் கையில் அகப்பட்டதை வைத்து அதை அடைத்தார்கள். ஒரு வீட்டில் பிஸ்கட் டின் மூடி, ஒரு வீட்டில் பழைய தலையணை, சங்கச் செயலாளர் மாசிலாமணி வீட்டில் முருகன் படம் போட்ட காலண்டர்.

அந்தக் காலையில் மூடியும் தலையணையும் முருகனும் ஒரே சமயத்தில் தரைக்கு வந்தார்கள். முருகனுக்குப் பின்னால் ஆட்டுக்கறி வாசம் வந்தது. மாசிலாமணி பழனிக்கு மாலை போட்டுக் கறியை விட்டு வெகுகாலம் ஆகிறது என்று ஊரெல்லாம் நம்பிக்கொண்டிருந்தபடியால் அவர் வீட்டு வாசலில் கூட்டம் மற்ற வீடுகளைவிட அதிகமாகவே கூடியது. அவர் மனைவி, அது பக்கத்து வீட்டுப் புகை வழி தவறி வந்தது என்றாள். பக்கத்து வீட்டுக்காரி, நாங்கள் கறி தின்பதை ஒளித்துத் தின்பதில்லையே என்றாள்.

புகை பின்னோக்கி வருகிறது என்று முதலில் கண்டுபிடித்தது மூன்றாம் வீட்டு மருமகள். அவளுடைய வளைகாப்புச் சோறு ஏழு வகையும் ஒரு நாள் வந்தது. மறுநாள், வளைகாப்புக்கு முந்தின நாள் கருக்கிவிட்டு மாமியாரிடம் திட்டு வாங்கிய உளுந்து வந்தது. கேஸ் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு நாளாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது புகை. ஆனால் ஒரு நாளுக்குள் காலை காலையாகவும் மாலை மாலையாகவும் ஒழுங்காகவே வந்தது. இதைக் கேட்ட லைன் சனம் ஆச்சரியப்படவில்லை. இவ்வளவு காலம் தின்றதெல்லாம் எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும் என்றார்கள். கடைசி வீட்டு வாட்ச்மேன் கிழவர் மட்டும் ஒரு தட்டில் வெறும் சோற்றைப் போட்டுக்கொண்டு பொந்துக்கு எதிரே உட்கார்ந்து, செத்துப்போன மனைவியின் மத்திமீன் குழம்பு வாசத்தைத் தொட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.

பூரணம் வீட்டிலிருந்து மட்டும் தினமும் கஞ்சி வாசம்தான் வந்தது. காலையிலும் கஞ்சி, ராத்திரிக்கும் கஞ்சி, நடுவில் ஒன்றுமில்லை. லைன் பெண்கள் அதை முகர்ந்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேஸ் வருவதற்கு முந்தைய அந்தக் காலத்தில் “சாப்பிட்டியா பூரணம்?” என்று கேட்டபோதெல்லாம் அவள் குழம்பு வைத்தேன், பொரியல் வைத்தேன் என்று சொல்லியிருந்தாள்.

ஏன் கஞ்சி என்று கேட்க வேண்டியதில்லை. கேஸ் வந்தது ஒரு வைகாசியில். அதற்கு முந்தின ஐப்பசியில்தான் பூரணம் தன் ஒரே மகள் ஜீவிதாவைப் பறிகொடுத்தாள். மழைக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை விட்ட நாள் அது. பூரணம் விடியற்காலையிலேயே ஆலைக்கு முதல் ஷிப்டுக்குப் போய்விட்டாள். மகள் எழுந்து சமைத்து, பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்து, அடுப்பைத் துடைத்து, மூன்றடுக்குத் தூக்குப்போசியில் சாப்பாடு எடுத்துக்கொண்டு அம்மாவுக்குக் கொடுக்க மலைச்சரிவுப் பாதையில் நடந்தாள். சரிவு இறங்கிவிட்டது. மறுநாள் மண்ணைத் தள்ளி அவளை எடுத்தார்கள், தூக்குப்போசியை எடுக்க முடியவில்லை.

அதற்கு முந்தின ராத்திரி படுக்கும்போது ஜீவிதா, “நாளைக்கு உனக்குப் புடிச்சதா ஒண்ணு செஞ்சு கொண்டாறேம்மா” என்று சொல்லியிருந்தாள். பூரணம் களைப்பில் “ம்” என்றாள், என்ன என்று கேட்கவில்லை. பிற்பாடு கேட்டாள், கடைக்காரனைக் கேட்டாள், அவன் பாப்பா அன்றைக்கு ஒன்றும் வாங்கவில்லை என்றான். வீட்டில் பருப்பு இருந்தது, முட்டை இருந்தது, உருளைக்கிழங்கும் கருவாடும் இருந்தன, எதில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அவளால் சொல்ல முடியவில்லை. தேய்த்துக் கவிழ்த்த பாத்திரங்களை மோந்து பார்த்தாள், சாம்பல் வாசம்தான் அடித்தது. தனக்குப் பிடித்தது எது என்று பூரணத்துக்கே தெரியாது. மகள் தின்று மிச்சம் வைத்ததைத் தின்றுதான் அவளுக்குப் பழக்கம். உலகத்தில் ஒருத்தி அதைக் கவனித்துத் தெரிந்து வைத்திருந்தாள், அதைச் சமைத்து எடுத்துக்கொண்டு வந்தாள், பாதி வழியில் போய்விட்டாள்.

ஆகவே புகை பின்னோக்கி வருகிறது என்று கேள்விப்பட்ட அன்று பூரணம் பொந்துக்கு எதிரே கால் நீட்டி உட்கார்ந்து, வரட்டும் என்று சொல்லிக்கொண்டாள். கஞ்சியெல்லாம் வந்து தீரட்டும், அதற்கு அந்தப் பக்கம் அந்த ஐப்பசிக் காலை இருக்கிறது, அதுவும் வந்துதானே ஆகவேண்டும்.

மற்றவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. துணியெல்லாம் கரி, சுவரெல்லாம் கரி, கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் தும்மிக்கொண்டே திரும்பிப் போனார்கள். சங்கம் கூடி, பொந்துகளைச் செங்கல்லும் சிமெண்டும் வைத்து நிரந்தரமாக அடைத்துவிடுவதென்று முடிவு செய்தது. யாகப்பன் என்ற கொத்தனார் வந்தார். அவர் வைத்த கலவையைப் புகை மெதுவாகப் பிதுக்கி வெளியே தள்ளியது. மறுபடி வைத்தார், மறுபடி தள்ளியது. வெளிச்சுவரை உடைத்து ஒரு குழாய் வைத்து வெளியே விட்டுப் பார்த்தார்கள். ஒருமுறை வெளியே போய்ப் பார்த்துவிட்ட புகை மறுபடி போக மனமில்லாமல் திரும்பி வீட்டுக்குள்ளேயே வந்தது. யாகப்பன் பூச்சுக் கரணையைக் கழுவி வைத்துவிட்டு, “ஈரக் கலவை சூட்டுல புடிக்காதுங்க. பொந்து குளுந்து கெடக்கற நாளாப் பாத்துச் சொல்லுங்க, அன்னிக்கு அடைக்கறேன்” என்றார்.

குளிர்ந்த நாள் என்றால் அந்த வீட்டில் முன்பு அடுப்பெரியாத நாள். அதற்கப்புறம் கருக்கல்மட்டத்தில் எங்கு பார்த்தாலும் அதே பேச்சுத்தான். குழாயடியில் நின்றுகொண்டும் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டும் எல்லாரும் தங்கள் அடுப்பு எப்போது அணைந்து கிடந்தது என்று நினைவுபடுத்திக்கொண்டிருந்தார்கள். குடும்பத்தோடு வேளாங்கண்ணி போன நாட்கள், தங்கச்சி கல்யாணத்துக்குக் கீழே மேட்டுப்பாளையம் போய்த் தங்கிய நாட்கள். பெரும்பாலும் சாவு. அந்த லைனில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அந்த வீட்டில் அடுப்புப் பற்றவைப்பதில்லை, மற்ற வீடுகளிலிருந்துதான் சாப்பாடு போகும். அப்படி ஒவ்வொரு வீடும் தன் அடுப்பெரியாத நாட்களுக்காகக் காத்திருந்து, அது வந்ததும் யாகப்பனைக் கூப்பிட்டு அடைத்துக்கொண்டது. கடைசிக் கைக் கலவையை வீட்டுக்காரியே பூச வேண்டும் என்று யாரோ சொல்லி அதுவும் ஒரு வழக்கமாகிப் போயிற்று. வாட்ச்மேன் கிழவர் தன் தாயின் காரிய நாட்கள் வந்தபோது, “அடச்சிருப்பா, இதுக்கு மேல முடியல, ரொம்பப் பசிக்குது” என்று தானே கேட்டு அடைத்துக்கொண்டார்.

ஒவ்வொரு வீடாக அடைபட அடைபட, மிச்சமிருந்த பொந்துகளில் இழுப்பு அதிகமாகிப் புகை கனத்து வந்தது. கடைசியில் திறந்திருந்தது பூரணம் வீட்டுப் பொந்து ஒன்றுதான். லைன் வீடுகளில் நடுச்சுவர் பரண் உயரத்தோடு நின்றுவிடும், அதற்கு மேலே ஓட்டுக்கூரை எல்லாருக்கும் பொது. அதனால் பூரணத்தின் கஞ்சிப் புகை லைன் முழுக்க உலாவியது. முதலில் போய்ச் சேர்ந்தது அடுத்த வீட்டில் பிரேமாவின் குழந்தை கவினிடம்.

கவினுக்கு எட்டு மாதம். குன்னூர் ஆஸ்பத்திரிக்கு அவனை முதன்முதல் மடியில் வைத்துக் கொண்டுபோனதே பூரணம்தான். பனிக்காலத்தில் வந்த இரைப்பு புகைக்குப் பின் போகவே இல்லை. மருந்தை ஆவியாக முகத்தில் பிடித்து அனுப்பினார்கள், புகை பக்கமே ஆகாது என்றார்கள். மூச்சு இழுக்கும்போது அவன் விலாவுக்குக் கீழே தோல் குழிந்து குழிந்து போவதைப் பூரணம் பார்த்தாள். ஒரு நாள், இந்தப் பிள்ளை இங்கே பிறக்காமல் வேறெங்காவது பிறந்திருந்தால் என்ன என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் ஓடிப்போய் அவனைத் தூக்கிவைத்துக்கொண்டு இருட்டும்வரை வெளிவாசலிலேயே நடந்தாள்.

பிறகு ஆவணியில் ஒரு காலை பூரணம் வீட்டுப் பொந்து புகையவில்லை. லைன் முழுக்க எழுந்து வந்து பார்த்தது. கல்லும் செங்கல்லும் குளிர்ந்து கிடந்தன. எல்லாருக்கும் அது எந்த நாட்கள் என்று தெரியும். அந்த நாட்களில் அவளுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான்.

யாகப்பன் செங்கல்லோடு வந்தார். “நாளைக்கு வாங்க” என்றாள் பூரணம். மறுநாளும் வந்தார், மறுநாளும் நாளைக்கு என்றாள். அவர் திண்டாடிப்போய்க் கலவையைப் பக்கத்து வீட்டு வாசற்படி பூசத் தீர்த்துவிட்டுப் போவார். அப்படியே நாள் போயிற்று. துக்க நாட்களின் கடைசி நாள், அதாவது உண்மையில் முதல் நாள், மகளை மண்ணிலிருந்து எடுத்த நாள் வந்தது. அன்று மாசிலாமணியும் பிரேமாவும் யாகப்பனும் சேர்ந்தே வந்தார்கள். பிரேமாவின் இடுப்பில் குழந்தை கர் கர் என்று இரைந்தது.

“பூரணம்மா, இன்னிக்கு உட்டா இனி எப்பங்க?” என்றார் மாசிலாமணி. “இதுக்கு முந்தி உங்க அடுப்பு அணஞ்ச நாளு ஏதாச்சும் இருக்குதுங்களா, யோசிச்சுச் சொல்லுங்க.”

பூரணம் அதை முன்பே யோசித்து முடித்திருந்தாள். லீவு போட்டு ஒரு திருவிழாவுக்குக்கூட அவள் போனதில்லை. புருஷன் குழந்தை தவழும்போதே கீழே இறங்கிப் போய்த் திரும்பாதவன். விட்டுப் போனவனுக்கு யாரும் அடுப்பை அணைப்பதில்லை. அதற்கு முந்தைய குளிர்ந்த நாட்கள் ஜீவிதாவைப் பெற்றுப்போட ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள்தான்.

“எனக்கு நாளைக்கு ஒரு நாளு போதும்” என்றாள். “நாளைக்குக் காலைல வர்றத மட்டும் பாத்துக்கறேன் சாமி. அவ என்ன ஆக்குனான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்.”

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார். பிரேமாதான் சொன்னாள். “ஒரு நாளுன்னா எங்கம்மா ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவனுங்க்கா. சத்தியமாப் போயிருவேன். நாளைக்குப் பொகைய ஆரம்பிச்சா அதுக்குப் பின்னால பதினேழு வருசத்துப் பொகை நிக்குதே. அத்தன வருசத்துக்கு இவனத் தூக்கிக்கிட்டு எங்கீங்க்கா போவேன்?”

அவள் சண்டைக்கு வந்தவள் மாதிரிப் பேசியிருந்தால் பூரணம் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். அவளோ கேட்டுவிட்டு அழுதாள். யாகப்பனைப் பார்த்தாள் பூரணம், அவர் சட்டியிலிருந்த கலவையைப் பார்த்தார். பதினேழு வருஷம். தன் மகள் பல் முளைத்து, நடந்து, பள்ளிக்கூடம் போய், முதன்முதலாய் அடுப்பு மூட்டிச் சோறு வடித்த நாள் எல்லாம் அந்தச் சுவருக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டிருக்க, இந்தப் பக்கம் ஒரு குழந்தை மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. யார்மேலும் கோபப்பட அவளுக்கு வழியில்லை. குழந்தைமேல் கோபப்பட முடியுமா, புகைமேல்தான் கோபப்பட முடியுமா?

“வைங்க” என்றாள்.

யாகப்பன் செங்கல்லை உடைத்து உடைத்து வட்டத்துக்குள் அடுக்கினார். சந்துகளில் கலவை திணித்தார். பிறகு கரணையைப் பூரணத்திடம் நீட்டினார். அவள் அதை வாங்காமல் கையாலேயே கலவையை அள்ளிப் பூசினாள், வழுவழுவென்று வருமளவுக்குத் தேய்த்தாள், எங்காவது ஒரு மயிரிழைச் சந்து விட்டுவிடலாமா என்று விரல் தடுமாறிய இடத்தில் குழந்தை இருமியது, அதையும் பூசி அடைத்தாள்.

மறுநாள் காலை அவள் எழுந்து சுவரருகே போனாள். அடைத்த பொந்தை அதற்குமுன் யாரும் தொட்டுப் பார்த்ததில்லை, தொட வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. பூரணம் கை வைத்தாள். ராத்திரியோடு இறுகியிருந்த அந்த வட்டம் மெல்லச் சூடாகிக்கொண்டிருந்தது.

அவள் கூப்பிட்டாளோ, சும்மா ஒரு சத்தம் போட்டாளோ, தெரியாது. பிரேமா முதலில் வந்தாள், பிறகு மாசிலாமணியின் மனைவி, மூன்றாம் வீட்டு மருமகள், ஒவ்வொருத்தியாக வந்து சுவரில் கை வைத்தார்கள். அடுப்படியில் காலம் கழித்த கைகள், சூட்டைத் தொட்டே உலை கொதிக்கிறதா அடங்குகிறதா என்று சொல்லும்.

“இது சோறு” என்றாள் மாசிலாமணி மனைவி. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. சூடு ஏறி நின்று, பிறகு தணலைத் தள்ளியதுபோல் தணிந்தது. மறுபடி ஏறியது.

“இப்பக் கொழம்பு வெக்குறா. பருப்புப் போட்டிருக்கா.”

“பருப்புக்கு இத்தன வெறகு எதுக்கு? கருவாடு வறுக்குறா.”

“உருளக்கெழங்குங்க்கா. பாருங்க, ஒரே சீரா நிக்குது.”

“முட்டைய வேகவெச்சுட்டு அப்பறமாக் கொழம்பு கூட்டுறாளோ என்னவோ.”

பூரணத்துக்கு வேறொன்று தெரிந்துவிட்டது. இந்தச் சுவர் சூடாக இருக்கும்வரை மகள் அடுப்புக்கு முன்னால் நிற்கிறாள். ஆறிவிட்டால் பாத்திரம் தேய்த்துக் கவிழ்ப்பாள், அடுப்பைத் துடைப்பாள், தூக்குப்போசியை எடுப்பாள். பூரணம் இரண்டு கையையும் வைத்தாள், கன்னத்தையும் வைத்தாள். “இன்னுங் கொஞ்சம் ஆக்குடி. எனக்கு அவசரமில்ல” என்று சுவரிடம் சொன்னாள். “மழை நிக்கட்டும். மெதுவா ஆக்கு.” ஆளுக்கொரு கையால் அந்தச் சூட்டைப் பொத்தி வைத்துக்கொள்ளப் பார்ப்பவர்கள் போலப் பெண்கள் எல்லாரும் வட்டத்தின்மேல் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். சூடு அவர்களுடைய கைகளுக்குக் கீழேயே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, வெறும் சுவராயிற்று.

ஒருத்தி மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே போனாள். மற்றவர்களும் போனார்கள். பூரணம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எங்கோ வெளியில் ஒரு பெண் வழுக்குகிற பாதையில் நடந்துகொண்டிருக்கிறாள் என்றும், அவளை நிறுத்தத் தன்னால் ஆகவில்லை என்றும் நினைத்து நினைத்து நெஞ்சு அடைத்துக் கிடந்தாள்.

மத்தியானம் கதவு திறந்தது. பிரேமா ஒரு கிண்ணத்தில் உருளைக்கிழங்கு வறுவல் கொண்டுவந்து வைத்தாள். அவள் பின்னாலேயே மாசிலாமணியின் மனைவி பருப்புக் குழம்போடு வந்தாள். முட்டைக் குழம்பு வந்தது, கருவாடு வந்தது, யாரும் சொல்லாத அவரைக்கொட்டை போட்ட புளிக்குழம்பும் வெறும் தேங்காய்ச் சட்டினியும்கூட வந்தன. அவரவர் தாம் கை வைத்து உணர்ந்ததே சரி என்ற உறுதியில் அவரவர் சமைத்திருந்தார்கள். தரையில் இடம் போதாமல் கிண்ணங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

பூரணம் சோற்றைப் பிசைந்து ஒவ்வொன்றிலும் ஒரு வாய் சாப்பிட்டாள். சாப்பிடும்போது எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது ஒரு கவளத்தில் அந்த முகம் மாறும், அதுதான் அவளுக்குப் பிடித்தது, அதுதான் அன்றைக்கு அந்தப் பெண் எடுத்துக்கொண்டு வந்தது என்று தெரிந்துவிடும் என்று பார்த்தார்கள்.

“எதுங்க்கா நல்லா இருக்குது?” என்று கேட்டாள் பிரேமா.

பூரணம் மறுபடி முதல் கிண்ணத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக இரண்டாம் தரம் எடுத்து, வாயிலேயே வைத்திருந்து, மென்று விழுங்கினாள்.

“எல்லாமே நல்லாத்தான் இருக்குது” என்றாள். “அவ இருந்தாச் சொல்லுவா.”